இரண்டாவது மதிப்பெண்

சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் நடீன் க்ரூபா. கிளீவ்லாந்தில் ஒரு வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில், விபத்து என்று சொல்லி இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் கதையை அலசிப் பார்ப்பது அவள் வேலை. கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு வந்து முனகிய ஒரு ஆசாமி, அன்று மாலையே தன் வீட்டுக் கூரையில் ஏறிச் சருகு வாரிக்கொண்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தவள். பதினெட்டு வருஷப் பிழைப்பு. கோட்டைக் கழற்றுவது போல அதைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் வர அவளுக்குத் தெரியாது.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான் மகள் மார்னி போன வாரம் குண்டைத் தூக்கிப் போட்டாள். பெரிங்டன் கல்லூரியின் விண்ணப்பத்தில், தேர்வு மதிப்பெண்ணை அனுப்புகிறீர்களா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்துவிட்டு, அதைச் சாப்பாட்டு மேஜையில் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, உருளைக்கிழங்கை மசித்துச் சாப்பிட்டாள்.

அனுப்புவதும் அனுப்பாததும் அவரவர் விருப்பம் என்று கல்லூரியே சொல்லிவிட்டதுதான். ஆனால் மதிப்பெண் சரியில்லாதவர்கள் அல்லவா அதை மறைப்பார்கள்? மார்ச் மாதம் மார்னி எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை எழுதியபோது ஆயிரத்து அறுநூறுக்கு ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. சரி, அது சுமார். ஆகஸ்டில் மறுபடி எழுதினாள். ஆயிரத்து நானூற்று எழுபது. பெரிங்டனில் இடம் கிடைத்தவர்களில் பாதிப் பேர் அந்த மதிப்பெண்ணை எட்டியதில்லை. பள்ளி ஆலோசகர் ராட்கே, “இதை அனுப்பாம இருக்கறதுக்கு ஒரு காரணமும் இல்ல” என்று சொல்லியிருந்தார்.

அப்பா வாரன் கத்தினான். கதவைச் சாத்திக்கொண்டு தன் வேனை எடுத்துக்கொண்டு போனான். நடீன் கத்தவில்லை. யோசிக்க ஆரம்பித்தாள். அவள் கத்தியிருந்தால் தேவலை என்று மார்னிக்கே தோன்றியிருக்கும்.

இன்று சனிக்கிழமை, ஹாலோவீன்; பிள்ளைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் நாள். நாளையோடு விண்ணப்பக் கெடு முடிகிறது.

*

மத்தியானம் வாரன் இரண்டு பெரிய மிட்டாய்ப் பைகளோடு உள்ளே வந்தான். வீடுகளுக்கு ஹீட்டர் போட்டுக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் அவன் தொழில். குளிர் தொடங்கிவிட்டதால் சனிக்கிழமையும் ஓய்வு கிடையாது. பைகளைச் சமையலறை மேடையில் போட்டுவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்தான்.

நடீன் ஒரு பையைத் தூக்கிப் பார்த்தாள்.

“வாரன், என்ன இது?”

“மிட்டாய்.”

“அது தெரியுது. வேர்க்கடலை இல்லாததா பாத்து வாங்குன்னு சொன்னேனா இல்லையா? ஜோலீனோட சின்னப் பையனுக்கு ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

“கடைக்காரன் இதுதான் நல்லா போகுதுன்னான்.”

“பை மேல இவ்ளோ பெருசா போட்டிருக்கு. கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?”

“அவசரத்துல பாக்கல. வேற வாங்கிட்டு வரேன், விடு.”

எதற்கும் இப்படித்தான், பாக்கல, மறந்துட்டேன், விடு. நடீன் அலுத்துக்கொண்டே அலமாரியில் பழைய சாக்லேட் ஏதாவது இருக்கிறதா என்று துழாவினாள். வாரன் நின்றபடியே குளிர்ந்த சாண்ட்விச்சைக் கடித்தான்.

“அவகிட்ட பேசினியா?” என்று கேட்டான்.

“இனிமேதான்.”

“உன் ஆபீஸ் மாதிரி பேசாத. பொண்ணு அது. கேஸு இல்ல.”

“அப்ப நீ பேசேன். நீ ஏன் பேச மாட்டேங்கற? ஒரு வாரமா அவ மூஞ்சியையே நீ பாக்கல. நான் கவனிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.”

வாரன் வேன் சாவியை எடுத்தான். தெருக்கோடி வீட்டில் ஹீட்டர் எரியவில்லையாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று மீதி சாண்ட்விச்சைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டான். வேர்க்கடலைப் பைகள் மேடையிலேயே கிடந்தன.

*

மார்னி பின்பக்கப் படியில் உட்கார்ந்து பூசணிக்காய்க்குக் கண் தோண்டிக்கொண்டிருந்தாள். செய்தித்தாள் முழுக்க விதையும் நாருமாக இறைந்து கிடந்தது. நடீன் இரண்டு கோப்பை ஆப்பிள் சாறு சுட வைத்து எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிராளியை இளக்க ஏதாவது குடிக்கக் கொடுப்பது அவள் வழக்கம். மார்னிக்கும் அது தெரியும்.

“விசாரணை ஆரம்பமா?” என்றாள் மார்னி.

“உன்கிட்ட பேச வந்தா அது விசாரணையா?”

“சாறு கொண்டு வந்திருக்கியே.”

நடீனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். “ஒரே ஒரு கேள்வி. நல்ல மார்க்கை ஏண்டி ஒளிக்கணும்?”

“அது இல்லாமலே என் விண்ணப்பம் நல்லாத்தான் இருக்கு. கட்டுரை எழுதியிருக்கேன். கிரேடு இருக்கு. போதாதா?”

“போதும், போதாதுன்னு நீ முடிவு பண்ணுவியா? மார்க் வரலைன்னா அங்க உக்காந்து படிக்கறவன் என்ன நினைப்பான்? இந்தப் பொண்ணு தேர்வுல கோட்டை விட்டிருக்கு, மறைக்குதுன்னு நினைப்பான். நானா இருந்தா அப்படித்தான் நினைப்பேன்.”

“நீ எல்லாரையும் அப்படித்தான் நினைப்பே.”

கத்தி பூசணிக்காய்க்குள் கரகரவென்று இறங்கியது. நடீன் மகளின் கையைப் பார்த்தாள். ஐந்து மாதத்தில் நூற்றி எண்பது மதிப்பெண் ஏறுவது நடக்காத காரியமில்லை. டியூஷன் வைத்திருந்தால் நடக்கும், ராப்பகலாகப் படித்திருந்தால் நடக்கும். ஆனால் அந்தக் கோடையில் மார்னி நீச்சல் குளத்தில் காவல் வேலை பார்த்துவிட்டு, வந்து தூங்கினாள். எங்கிருந்து வந்தது அந்த நூற்றி எண்பது?

“மார்னி, என்னைப் பாரு. யாராவது உனக்கு விடை சொன்னாங்களா?”

கத்தி நின்றது.

“பக்கத்துல இருந்தவன் கம்ப்யூட்டர் திரையைப் பாத்தியா? இல்ல, வேற யாராவது உனக்கு பதிலா...”

“உன்கிட்ட வர்ற கழுத்துப்பட்டை ஆளுங்கள்ல நானும் ஒண்ணா அம்மா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“நான்தான் எழுதினேன். யாரையும் பாக்கல. யாரும் சொல்லல.” மார்னியின் காது மடல்கள் சிவந்துவிட்டன. “ரொம்பத் தெரிஞ்சுக்கணும்னா போய் அப்பா...” என்று ஆரம்பித்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

“அப்பாவை என்ன?”

“ஒண்ணும் இல்ல. அப்பா மிட்டாய் வாங்கிட்டாரான்னு கேக்க வந்தேன்.”

பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கு ஒரு கண்தான் இருந்தது. நடீன், மகள் தொடாமல் விட்டுப்போன சாற்றையும் சேர்த்துக் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பாதியில் விழுங்கிய பேச்சில்தான் விஷயம் இருக்கும் என்பது அவள் தொழிலில் முதல் பாடம். அப்படியென்றால் இதில் வாரனும் இருக்கிறான்.

காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

*

பொழுது சாய்ந்ததும் தெருவில் கூட்டம் தொடங்கிவிட்டது. சூனியக்காரிகள், எலும்புக்கூடுகள், சிறகு ஒடிந்த ஒரு தேவதை. மணி அடிக்க அடிக்க நடீன் கதவைத் திறந்து பழைய சாக்லேட்டைப் பைகளில் போட்டாள். மார்னி கூடத்தில் சோபாவில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜோலீன் வந்தாள். மார்னியின் வகுப்புத் தோழன் கோல்பியின் அம்மா. கூட அவளுடைய ஆறு வயசுச் சின்னவன், உடம்பைச் சுற்றி அட்டைப் பெட்டியில் செய்த தீயணைப்பு வண்டியோடு வாசலில் நுழைய முடியாமல் சிக்கி நின்றான்.

“பயப்படாதே, கடலை இல்லாததுதான்,” என்றாள் நடீன்.

“உன்னை நான் சந்தேகப்படுவேனா?” என்று ஜோலீன் சிரித்தாள். “என்ன, மார்னி அனுப்பிட்டாளா? எங்க வீட்டுல கோல்பி இன்னும் கட்டுரையைத் திருத்திக்கிட்டு உக்காந்திருக்கான். மார்க்காவது வந்துதே, அந்த மட்டும் நிம்மதி. அந்தக் கூடுதல் நேரம் மட்டும் இல்லேன்னா எங்க பையன் தேறியிருக்க மாட்டான்.”

“என்ன கூடுதல் நேரம்?”

“தேர்வுலதான். மத்தவங்களுக்கு ரெண்டு மணி நேரம்னா இவங்களுக்கு மூணு. நூலகத்துக்குப் பக்கத்துல சின்ன ரூம்ல தனியா உக்கார வச்சாங்களே. மார்னியும் கோல்பியும் பக்கத்துப் பக்கத்து மேஜைதான்னு சொன்னானே.” ஜோலீனின் சிரிப்பு மெல்ல மங்கியது. “ஏன் நடீன், உனக்கு...”

“தெரியும், தெரியும். நீ நேரம்னதும் வேற எதையோ நினைச்சேன்.”

பொய் அவள் வாயில் சுலபமாக வந்தது. தீயணைப்பு வண்டியைத் திருப்பி விட்டுக் கதவைச் சாத்தினாள். ஆகஸ்டில் தேர்வு நடந்த அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. தெருவில் மற்ற பிள்ளைகள் எல்லாம் வந்து சேர்ந்து வெகு நேரம் கழித்துத்தான் வாரனும் மார்னியும் வந்தார்கள். ஐஸ்கிரீம் சாப்பிட்டோம் என்றான் வாரன். மார்னியின் கையிலும் ஒரு கிண்ணம் இருந்தது. தோதாகச் சாட்சியத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

திரும்பினாள். மார்னி மடிக்கணினியை மூடிவிட்டு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“சும்மா கேட்டா அவ்வளவு நேரம் குடுக்க மாட்டாங்க,” என்றாள் நடீன். “படிக்கறதுல குறை இருக்குன்னு யாராவது பரிசோதனை பண்ணி எழுதிக் குடுக்கணும். யார் குடுத்தா?”

“ஷேக்கர் தெருவுல ஒரு டாக்டர் அம்மா. மே மாசம் அப்பா கூட்டிட்டுப் போனார்.”

“ஷேக்கர் தெருவா? அந்தம்மா வீட்டு ஹீட்டர் யார் போட்டது?”

“அப்பாதான்,” என்றாள் மார்னி.

“உன்னை என்ன பண்ணச் சொன்னாங்க?”

“பத்தி பத்தியா குடுத்துப் படிக்கச் சொன்னாங்க. கேள்வி கேட்டாங்க. நேரம் பாத்தாங்க.” மார்னியின் குரல் கம்மியது. “போறப்ப வண்டியில அப்பா சொன்னார்... மெதுவா படி, அவசரப்படாதேன்னு. நான் மெதுவா படிச்சேன் அம்மா.”

ஊரான் வீட்டுப் பொய் நொண்டிகளை எல்லாம் பிடித்தவள் வீட்டில், புருஷன் பெண்ணுக்கு நொண்டக் கற்றுக்கொடுத்திருக்கிறான். அதுவும் அவள் ஆபீசுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து.

மணி அடித்தது. மார்னி போய்த் திறந்து, இரண்டு சூனியக்காரிகளுக்குக் கை நிறைய அள்ளிப் போட்டாள். அவர்களுக்குப் பின்னாலேயே வாரன் படியேறி வந்துகொண்டிருந்தான், கையில் கடலை இல்லாத மிட்டாய்ப் பையோடு.

*

“இதுவாவது சரியா இருக்கா பாரு,” என்று பையை நீட்டியவன், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கையைக் கீழே இறக்கினான்.

“குழந்தைக்கு நொண்டச் சொல்லிக் குடுத்திருக்கே,” என்றாள் நடீன்.

வாரன் மகளைப் பார்த்தான். மகள் தரையைப் பார்த்தாள்.

“நொண்டச் சொல்லல. ஓடாதேன்னு சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணு இல்ல. யாராவது பாத்தா இவ வேகமா படிக்கற மாதிரி காட்டிப்பா. பாதியை ஊகிச்சுக்கிட்டு ஓடுவா. அதை அந்தம்மா முன்னாடி பண்ணாதே, தனியா இருக்கறப்ப எப்படிப் படிப்பியோ அப்படிப் படின்னு சொன்னேன். அவ்வளவுதான்.”

“கதை நல்லா இருக்கு. அப்ப என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நம்பியிருப்பியா?” வாரனின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. “நீ இதுவரைக்கும் யாரை நம்பியிருக்கே, சொல்லு. டாக்டர் எழுதிக் குடுத்த காகிதத்தை எடுத்துக்கிட்டு வர்ற ஒவ்வொருத்தனும் உனக்குத் திருடன். ராத்திரி சாப்பிடறப்ப அவங்களைப் பத்திச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பே. என் பொண்ணும் அந்த வரிசையில வந்து நிக்கணுமா?”

நடீனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. “அவ எப்படிப் படிக்கறான்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ எந்த நாள் அவ பக்கத்துல உக்காந்து பாடம் சொல்லிக் குடுத்தே?”

“விரலை வரிக்கு அடியில வச்சுக்கிட்டுப் படிப்பா. ஆள் வந்தா விரலை எடுத்துடுவா. எனக்குத் தெரியும். அவ்வளவுதான்.”

“அப்பா சொல்றது நிஜமான்னு எனக்கே தெரியல,” என்றாள் மார்னி.

இருவரும் திரும்பினார்கள்.

“மொதல்ல வேணும்னேதான் மெதுவா படிச்சேன். அப்பா அதைத்தான் சொல்றார்னு நினைச்சேன். அப்புறம் மெதுவா போகப் போக, வரி ஒண்ணு மேல ஒண்ணு சரிய ஆரம்பிச்சுது. அது எப்பவும் சரியறதுதானா, நான் நடிக்கறதனால சரியறதான்னு எனக்குப் புரியல. இன்னி வரைக்கும் புரியல.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆகஸ்ட்ல அவ்வளவு நேரம் கிடைச்சப்ப எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை படிச்சேன். எல்லாம் புரிஞ்சுது. அதுதான் ஆயிரத்து நானூத்தி எழுபது. அது என்னோட மார்க்கா, நான் ஏமாத்தி வாங்கினதா? தெரியாம எப்படி அம்மா அனுப்புவேன்?”

நடீன் மகளை உற்றுப் பார்த்தாள். யார் நடிக்கிறார்கள், யாருக்கு நிஜமாகவே வலிக்கிறது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள் என்று ஆபீசில் அவளுக்குப் பெயர். பெற்ற பெண்ணைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை.

என்ன செய்வது என்று தெரியாதபோது விதிமுறையைப் படிப்பாள். மடிக்கணினியை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்கு மேலேயே, கூடுதல் நேரத்தில் எழுதியவர்களைப் பற்றிக் கல்லூரி இரண்டு பத்தி போட்டிருந்தது. மேஜையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

“வாரன், நீ படி. சத்தமா. நீதானே ஆரம்பிச்சு வச்சே. என்ன போட்டிருக்குன்னு மூணு பேரும் ஒண்ணா கேப்போம்.”

வாரன் திரையைப் பார்த்தான். பிறகு சன்னலைப் பார்த்தான்.

“கண்ணாடி வண்டியில இருக்கு. நீயே படி.”

நடீன் நிமிர்ந்தாள். கண்ணாடி அவன் சட்டைப்பையில் இருந்தது. அதன் காம்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சரியான பொய், அகப்பட்டான் என்று பழக்க தோஷத்தில் மனசு துள்ளியது. அடுத்த நொடியே வேறு என்னென்னவோ வந்து நின்றது. பை மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்த வேர்க்கடலை. கல்யாணமான நாளிலிருந்து ஓட்டலில் சாப்பாட்டு அட்டையைத் திறக்காமலே, ‘நீ சொல்றதே எனக்கும்’ என்பது. தொழில் ஒப்பந்தம் ஒவ்வொன்றையும், ‘உனக்குத்தான் இதெல்லாம் வரும்’ என்று அவளிடம் தள்ளிவிட்டுப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வது. மார்னி குழந்தையாக இருந்தபோது படுக்கையில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாத கதைகளை அவன் சொன்னது. ‘அப்பா கதைதான் நல்லா இருக்கு’ என்று குழந்தை அடம்பிடித்தது.

உலகத்தையே சந்தேகப்பட்டவள், பக்கத்தில் படுத்திருப்பவனை மட்டும் ஒரு நாளும் இந்த விஷயத்தில் சந்தேகப்படவில்லை. சோம்பேறி என்று நினைத்தாள். அக்கறை இல்லாதவன் என்று நினைத்தாள். வாய்விட்டும் சொல்லியிருக்கிறாள்.

“சரி, நானே படிக்கறேன்,” என்றாள்.

படித்தாள். கூடுதல் நேரம் பெற்று எழுதிய மதிப்பெண்ணும் மற்ற மதிப்பெண்ணைப் போலவே கருதப்படும், யாருக்கு நேரம் கொடுக்கப்பட்டது என்று கல்லூரி கேட்காது, மாணவர் சொல்லவும் வேண்டியதில்லை. அதற்குக் கீழே கேள்வி. மதிப்பெண்ணை அனுப்புகிறீர்களா? ஆம், இல்லை. ‘இல்லை’க்கு எதிரே மார்னி போட்ட புள்ளி அப்படியே இருந்தது.

வாரன் ஒவ்வொரு சொல்லையும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான், தலையைச் சற்றுச் சாய்த்து, ஒப்பந்தங்களைக் கேட்பது போலவே. மார்னி திரையைப் பார்க்கவில்லை. அப்பாவின் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசல் மணி அடித்தது. வெளியே பிள்ளைகள் கூச்சல் போட்டன. நடீன் எழுந்திருக்கவில்லை.

“அப்பா,” என்றாள் மார்னி. “உங்களுக்கும் வரி சரியுமா?”

வாரன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். கண்ணாடியை எடுத்து மேஜை மேல் வைத்தான். மனைவியின் பக்கம் திரும்பாமல், மகளைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்:

“உனக்கு எத்தனை வயசுலேருந்து?”